பத்து நிமிடப் பழி

2024 ஜூலை 10, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். அரவேணுவில் தூறல். எதிர்ச் சரிவில் இருக்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏழு மட்டும் தெரிந்தன. மற்றவற்றை மூடுபனி மறைத்திருந்தது. அப்போதுதான் பள்ளியிலிருந்து போன் வந்தது. "வந்து உங்க குழந்தையைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்கள். காய்ச்சலா என்று கேட்டேன். "காய்ச்சலெல்லாம் இல்லீங்க. வாங்க."

குழந்தை என் மகள் வயிற்றுப் பேத்தி. அன்றைக்கு அவளுக்கு நாலு வயது மூன்று மாதம். எல்.கே.ஜி.யில் சேர்த்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மகள் கோத்தகிரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மருமகனுக்குத் திருப்பூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். என் மனைவி இறந்து ஆறு வருடம். ஆகவே பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான்தான். எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருடம் ஒரு தேயிலை பேக்டரியில் இலை எடை போட்டு எழுதிய கிளார்க். பள்ளிக்கு என் நடையில் ஆயிரத்து முன்னூறு காலடி. அன்றைக்கு மட்டும் நான் எண்ணவில்லை.

பள்ளி வராந்தாவில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஸ்வெட்டரைக் கழற்றி, அதன் கைகளை அவள் இடுப்பைச் சுற்றி இழுத்து, நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் முடிந்திருந்தார்கள். இரண்டு முடிச்சு. சாரல் அவள் முழங்கால் வரைக்கும் அடித்திருந்தது. அவள் அழவில்லை. கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அப்பிச்சி, நான் ஓடவே இல்லை" என்றாள்.

ஆயா பக்கத்தில் வந்து, "நானாக் கட்டலீங்க, மேடம் சொன்னாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இறுகிப் போயிருந்த அந்த இரண்டு முடிச்சை அவிழ்க்க எனக்கு நாலு நிமிடம் ஆயிற்று.

மேடம் என்பவர் அந்தப் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட். அறையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, குழந்தையைக் கட்டிப் போட்டிருக்கீங்களே?"

"யாரும் கட்டலை. பாதுகாப்புக்கு வெச்சிருக்கோம். ரெண்டு தடவை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிட்டா. லாரி அடிச்சா நீங்க என்னைத்தானே வந்து கேப்பீங்க?"

"எத்தனை நேரமாக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"பெரியவரே, என்கிட்ட நூத்தி எண்பது பிள்ளைங்க இருக்குது. இவ ஒருத்தி பின்னாடியே ஓட எனக்கு ஆளில்லை. பத்து நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டா. இன்னும் ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, அப்பவும் உக்கார மாட்டா. எழுதி வெச்சுக்குங்க."

எழுதி வைத்துக்கொண்டேன். அந்த அறையிலேயே, அவர் முன்னாலேயே, சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் தேதியும் நேரமும் போட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். நான் விளையாட்டுக் காட்டுவதாக அவர் நினைத்திருக்கலாம்.

அன்றோடு குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். மகள் அழுதாள். புகார் கொடுக்கலாம் என்றேன். வேண்டாம், சின்ன ஊர், நாளைக்கு வேறு எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளாது என்றாள். அடுத்த வருடம் ஜூனில் குழந்தைக்கு ஐந்து வயது முடிந்திருக்கும், ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். எந்தப் பள்ளியிலாவது இவள் நிலைப்பாளா என்பதுதான் மகளின் கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அதற்கு மேல் இன்னொன்று இருந்தது. அடுத்த மே மாதம் இவளை அதே அறைக்குக் கூட்டிப் போவேன். அந்தம்மாள் முன்னால் இவள் பத்து நிமிடம் உட்காருவாள். சீட் தருகிறேன் என்று அந்தம்மாள் வாயால் சொல்ல வேண்டும். "உங்க பள்ளிக்கூடம் எங்க குழந்தைக்கு லாயக்கில்லை" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வர வேண்டும். இதை மகளிடம் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் குழந்தை வளர்ச்சி டாக்டர் இரண்டு முறை பார்த்தார். ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் ஒரு இடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது. பிள்ளையின் பிடிவாதமும் அல்ல, வளர்த்தவர்களின் தப்பும் அல்ல. இந்த வயதில் முதலில் மருந்து வேண்டாம், விளையாட்டுதான், அதையும் வீட்டில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். "விளையாட்டு எத்தனை வேளைங்க டாக்டர்? சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

கோத்தகிரியில் ஒரு மருந்துக்கடை மாடியில், சனிக்கிழமைகளில் குன்னூரிலிருந்து ஒரு பெண் வருவாள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுப்பவள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும்.

"ஐயா, தினமும் பத்து நிமிஷம் தரையில உக்காரணுங்க. அவ எதை விளையாடுறாளோ அதுதான் விளையாட்டு. கேள்வி கேக்கக் கூடாது. இதைச் செய் அதைச் செய்னு சொல்லக் கூடாது. பாடம் நடத்தக் கூடாது."

"அப்புறம் நான் எதுக்குங்க?"

"அவ செய்றதைச் சொல்லிட்டே இருங்க, கிரிக்கெட் வர்ணனை மாதிரி. அவ்வளவுதான்."

"எனக்கு முட்டி மடங்காதுங்களே."

"மடங்குற வரைக்கும் மடக்குங்க."

முதல் நாள் அந்தப் பத்து நிமிடத்தில் நான் பதினேழு கேள்வி கேட்டேன். இது என்ன நிறம், இதில் எத்தனை இருக்கிறது, ஏன் அதை எறிந்தாய். நானே எண்ணினேன். இரண்டாம் நாள் பதினொன்று. கேள்வி கேட்காமல் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருப்பது இலைக் குடோனில் வேலை இல்லாமல் நிற்பது போல இருந்தது. குழந்தை பத்து நிமிடத்துக்குள் ஆறு பொருள் மாறுவாள். ஒன்றும் முடியாது.

மூன்றாவது வாரம் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். "அப்பிச்சி, நீ பஸ்ஸு. மேட்டுப்பாளையம் பஸ்ஸு. குனி." குனிந்தேன். அவள் கண்டக்டர். பயணிகள்: இரண்டு பொம்மை, ஒரு டம்ளர், ஒரு உருளைக்கிழங்கு. எங்கள் ஊர் வழியாக ஓடும் பஸ்களில் ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் போக வேண்டும். நான் ஒரு விசிலுக்கே நகர்ந்துவிட்டேன்.

"யோவ் டிரைவரு! ஒண்ணு அடிச்சா நிக்கணும்னு தெரியாதா?"

"தப்புங்க கண்டக்டர், காது கேக்கலை."

"பஸ்ஸு பேசக் கூடாது!"

அன்றைக்கு அவள் இருபத்திரண்டு நிமிடம் விளையாடினாள். சனிக்கிழமை சொன்னபோது அந்தப் பெண் கை தட்டினாள். நிற்பதும் போவதும்தான் இவள் மூளை பழக வேண்டிய பாடம், அதை அவளே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், இனி இடையிடையே அவளை பஸ்ஸாக விட்டு நீங்கள் விசில் அடியுங்கள் என்றாள். அப்படியே செய்தோம். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு விசில். முதலில் நாலு எட்டு தாண்டித்தான் நிற்பாள். செப்டம்பரில் ஒரு எட்டு. பிறகு விசில் முடியுமுன்னே நின்றாள்.

கொண்டை ஊசி வளைவையும் அவளே சேர்த்தாள். மலையில் இறங்கும் வண்டி நின்று, ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் நூறு முறை பார்த்த வழக்கம் அது. வளைவில் நிற்பாள். நான் கீழேயிருந்து லாரியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவேன். நான் கடந்து போகும்வரை அவள் காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் மூன்று எண்ணும்வரை காத்திருந்தாள். அக்டோபர் கடைசியில் நாற்பது எண்ணும்வரை. என் முட்டி வலியால் லாரி மெதுவாக ஏறியது நல்லதாகப் போயிற்று.

இங்கேதான் நான் கெடுத்தேன். நாற்பது எண்ணுவது ஒரு நிமிடம்கூட இல்லை. பத்து நிமிடத்துக்கு அறுநூறு வேண்டும். மே மாதத்துக்கு ஆறு மாதம்தான் இருந்தது. பஸ் விளையாட்டை நம்பினால் அந்தம்மாள் தப்பித்துவிடுவார் என்று எனக்குப் பட்டது.

ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். "உட்காரும் விளையாட்டு" என்று பெயர் வைத்தேன். தினமும் காலை ஒன்பதுக்கு, பதினொன்றுக்கு, மூன்றுக்கு மரநாற்காலியில் அவள் உட்கார வேண்டும். பேக்டரியில் இலையை எடை போட்ட அதே மூன்று நேரம். மழை நாளில் வரும் இலையில் தண்ணீரும் சேர்ந்து கனக்கும் என்பதால், மொத்த எடையில் இவ்வளவு என்று குறைத்துத்தான் எழுதுவோம்; அதற்குக் கழிவு என்று பெயர். நோட்டிலும் கழிவு போட்டேன். கால் ஆட்டினால் அரை நிமிடம் கழிவு. எழுந்தால் ஒரு நிமிடம். நாற்காலியில் திரும்பி முட்டி போட்டால் இரண்டு. எடை போடும் இடத்தில் இலை கொண்டுவந்த பெண்கள் என்னிடம் அழுது கேட்டபோதும் நான் கழிவைக் குறைத்தவன் அல்ல. குழந்தைக்கும் குறைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் அவளே, "அப்பிச்சி, இன்னிக்கு எனக்கு எத்தனை கழிவு?" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் அதை முன்னேற்றம் என்று எழுதினேன்.

நவம்பரில் ஏழு நிமிடம். டிசம்பர் தொடக்கத்தில் ஐந்து. பிறகு மூன்று. பஸ்ஸும் நின்றுபோயிற்று, விசிலைத் தேயிலைச் செடிக்குள் எறிந்துவிட்டாள். ஒன்பது மணி ஆனால் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். ஒருநாள் இழுத்தேன். என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் தடம் நாலு.

சனிக்கிழமை அந்தப் பெண் என் மணிக்கட்டில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இதுல 'க'ன்னு போட்டிருக்கே, என்னங்கய்யா?"

"கழிவுங்க."

"எதுக்கு?"

"ஆடுனதுக்கு."

"இது விளையாட்டுங்களா?"

"விளையாட்டுன்னுதானே பேரு வெச்சிருக்கேன்."

"பேரு வெச்சிருக்கீங்க. சரி. இதுல அவளுக்கு என்ன சந்தோஷம்? எங்க எழுதியிருக்கு?"

எழுதவில்லை. அதற்குக் கோடு போடவில்லை. வெளியே வந்ததும், கூட வந்திருந்த மகள் படியில் நின்றபடியே, "நீங்க ரிட்டயர் ஆகிப் பதிமூணு வருஷமாச்சுப்பா. இவ கொழுந்து இல்லை" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிடுங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நோட்டைக் கொடுத்தேன். பழியைக் கொடுக்கவில்லை.

புது விசில் வாங்கினோம். பொங்கலுக்குப் பிறகு பஸ் மறுபடி ஓடியது. ஏப்ரலில், மேட்டுப்பாளையம் வழியில் வரும் குஞ்சப்பனை செக்போஸ்டில் நான் போலீஸாக உருளைக்கிழங்கின் பையைச் சோதனை போட்டு முடிக்கும்வரை அவள் மூன்று நிமிடம் பொறுத்தாள். பன்னிரண்டு பயணிகளுக்கும் டிக்கெட் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள், பாதி நின்றபடி, பாதி உட்கார்ந்தபடி, பதினாறு நிமிடம். நான் எதையும் எழுதவில்லை, மனதுக்குள் மட்டும் எண்ணினேன். போதும் என்று முடிவு செய்தேன். அவள் நகர்ந்துகொண்டே இருந்ததால்தான் அந்தப் பதினாறு நிமிடம் வந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை. ரேஷன் கடைக்குப் போவதாக மகளிடம் பொய் சொல்லிவிட்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். ஒன்றாம் வகுப்பு விண்ணப்பம். முதலில் சேர்க்கைப் பணம் கட்ட வேண்டும், பிறகுதான் குழந்தையைப் பார்ப்பார்களாம், கட்டியது திரும்ப வராதாம். கட்டினேன்.

"அட, இவளா? மறுபடியுமா பெரியவரே?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

"எழுதி வெச்சுக்கச் சொன்னீங்க. வெச்சிருந்தேன்."

"எதை?"

அவருக்கு நினைவில்லை. பத்து மாதமாக நான் தினமும் நினைத்த வாக்கியத்தில் அவருக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. அதுவே என்னை இன்னும் எரியவைத்தது.

குழந்தையை ஒரு சிவப்பு சோபாவில் உட்காரச் சொன்னார். பதினொன்று ஐந்து. நிறங்கள் கேட்டார். எண்கள் கேட்டார். குழந்தை சின்னக் குரலில் சொன்னாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கால் ஆடவில்லை. ஐந்து நிமிடம். எட்டு. கடிகாரத்தின் முள்ளைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

"பத்து நிமிஷம் ஆச்சுங்க" என்றேன்.

"சரி, அதுக்கென்ன?" என்றார். இன்னும் நாலு நிமிடம் படங்களைக் காட்டிக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "பரவாயில்லையே, நல்லா அடங்கிட்டா. சீட் தரலாம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வாக்கியம் தயாராக இருந்தது. அப்போது தரையில் சொட்டும் சத்தம் கேட்டது. சோபாவின் விளிம்பிலிருந்து குழந்தையின் செருப்பு மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அசையவில்லை. என்னை மட்டும் பார்த்து, "இப்ப எந்திரிக்கலாமா அப்பிச்சி?" என்று கேட்டாள்.

அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். என் சட்டை நனைந்தது.

"சோபா கிளீனிங்குக்கு நானூத்தம்பது ஆகும், ஆபீஸ்ல கட்டிட்டுப் போங்க" என்றார் கரஸ்பாண்டன்ட்.

"பில் வேணுங்க."

"பில்லா?"

"காரணம் எழுதி, தேதி போட்டு, சீல் வெச்சுக் குடுங்க."

முப்பத்தெட்டு வருடப் பழக்கம். சீல் இல்லாத தாளுக்கு நான் பணம் கொடுத்ததில்லை. அவர் எரிச்சலோடு கிளார்க்கிடம், "எழுதிக் குடுத்துத் தொலை" என்றார். "ஒன்றாம் வகுப்பு சேர்க்கை நேர்முகத்தின்போது குழந்தை சோபாவை நனைத்ததற்காக" என்று அவன் எழுதினான். சீல் வைத்தான்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. குழந்தை பத்தொன்பது நாள் விளையாடவில்லை. தினமும் மாலை நாலரைக்கு நான் தரையில் முட்டி போட்டு இருபது நிமிடம் குனிந்திருப்பேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போவாள். அந்தச் சனிக்கிழமைப் பெண், "கூப்பிடாதீங்கய்யா, அங்கயே இருங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இருபதாம் நாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பஸ்ஸு ரிப்பேரா?"

"ஆமாங்க கண்டக்டர்."

"என்னாச்சு?"

"டிரைவர் சரியில்லைங்க."

"அப்ப டம்ளர் ஓட்டட்டும்" என்று டம்ளரை என் முதுகில் வைத்து இரண்டு விசில் அடித்தாள். டம்ளர் விழாமல் குஞ்சப்பனை வரைக்கும் போனேன்.

ஜூனில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வகுப்பில் பதினாறு பிள்ளைகள். விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். டீச்சர், "எந்திரிக்கத் தோணுனா எந்திரிக்கட்டுங்க. எல்லாருக்கும் சிலேட்டுக் குடுத்துட்டு வந்து உக்காரட்டும், எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார். ஒரு நாளைக்கு ஆறு முறை சிலேட்டு கொடுக்கிறாளாம். ஓடவில்லை.

பழிக்கு இனி அவளைக் கூட்டிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பழியை விடுவதாக அல்ல. குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது. மகளும் இனித் தடுக்கவில்லை. புகார் கொடுக்க நான் தனியாக பஸ் ஏறிக் குன்னூர் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க் அந்த சோபா பில்லை இரண்டு முறை படித்தார்.

"இதை அவங்களேவா குடுத்தாங்க?"

"கேட்டு வாங்கினேங்க."

"ஒண்ணாம் வகுப்புக்குக் குழந்தையை நேர்முகம் பண்றதே சட்டப்படி தப்புங்க. அதை எழுதி, சீல் வேற வெச்சுக் குடுத்திருக்காங்களே!"

எனக்கு அந்தச் சட்டம் தெரியாது. பழக்கத்தில் கேட்ட பில் அது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, பல மாதத்துக்குப் பிறகு, வழியில் இருந்த மைல் கற்களை நிம்மதியாக எண்ணினேன். பதினொரு பக்கம் புகார் எழுதினேன். நாற்காலி, ஸ்வெட்டர், இரண்டு முடிச்சு, பத்து நாற்பது எல்லாம் எழுதினேன்.

விசாரணை அன்று அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு மரபெஞ்சில் அந்தம்மாள் காத்திருந்தார். எதிர் பெஞ்சில் நான். ஐம்பத்திரண்டு நிமிடம். அவர் ஒன்பது முறை எழுந்தார். இருபத்து மூன்று முறை கால் மாற்றிப் போட்டார். போனை முப்பத்தொரு முறை எடுத்தார். என் பழைய விகிதப்படி, போனுக்கும் ஒரு நிமிடம் என்று வைத்துக் கழிவு போட்டுப் பார்த்தேன்; பத்து நிமிடம் தேறவில்லை. அவர் போகும்போது என்னிடம், "ஒரு சின்ன விஷயத்தை இவ்வளவு பெருசு பண்ணிட்டீங்களே பெரியவரே" என்றார். "எழுதி வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

கட்டிப்போட்டதை நிரூபிக்க முடியவில்லை. ஆயா ஒன்றும் பார்க்கவில்லை என்றாள். அவளுக்கு வேலை வேண்டும், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நேர்முகம் வைத்ததற்கும் முன்பணம் வாங்கியதற்கும் பள்ளிக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவ்வளவுதான். போதாது. நான் மன்னிக்கவும் இல்லை. சேர்க்கைப் பணத்தைத் திருப்பித் தருவதாகப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, "இனி எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்று அடியில் நான் கையெழுத்துப் போட்டால். "போட்டு வாங்கித் தொலைங்கப்பா" என்றாள் மகள். போடவில்லை.

டாக்டருக்கும் சனிக்கிழமைப் பெண்ணுக்கும் கொடுத்ததை நான் இதில் சேர்க்கவில்லை, அது குழந்தைக்கு. இந்தக் கோபத்துக்கு மட்டும் ஆனது: விண்ணப்பம் முன்னூறு, சேர்க்கைப் பணம் பதினாலாயிரம், சோபா நானூற்றைம்பது, நகல் இருபத்திரண்டு தாளுக்கு நாற்பத்து நாலு, பதிவுத் தபால் மூன்றுக்கு நூற்று முப்பத்தெட்டு, குன்னூருக்கு நாலு முறை போய் வந்த பஸ் டிக்கெட் இருநூற்று நாற்பது. மொத்தம் பதினைந்தாயிரத்து நூற்று எழுபத்திரண்டு ரூபாய்.